ஈரத்துணிக்காரர்

எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவரின் பையில் முதல் நாள் பிரஷ்ஷும் இருக்கவில்லை, ரோலரும் இருக்கவில்லை. நாலைந்து பழைய துணிகள், ஒரு சிறிய வாளி, ஒரு சுருள் பொலித்தீன், மாற்றுச் சட்டை ஒன்று, சவர்க்காரம். அவ்வளவுதான். வாளியில் தண்ணீர் பிடித்து, ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, முன்னறைச் சுவரில் ஓர் இடத்தை மெதுவாகத் துடைத்தார். துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பாத்தீங்களா சார்? மாவு மாதிரி கையோட வருது. இதுக்கு மேல அடிச்சா பெயிண்டு சுவத்துல ஒட்டாது. இந்தத் தூசியிலதான் ஒட்டும்."

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கொழும்பில் மேசன், தச்சன், பெயின்ட் அடிக்கிறவர் எல்லாருமே பாஸ்தான். அவரும் எங்களுக்கு பாஸ். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பதினாறு வயதில் கொழும்புக்கு இறங்கி, கொட்டாஞ்சேனையில் குடும்பமாகிப் போனவர். மெலிந்த உடம்பு, நரைத்த அடர்ந்த மீசை. ஒரு காதில் எப்போதும் பென்சில்.

வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி வீடு அது. கனடாவில் இருக்கும் என் மாமா, "பூட்டிக் கிடக்கிற வீடுதானே, போய் இருங்கோ" என்று திறப்பைக் கொடுத்திருந்தார். நாங்கள் அதுவரை வாடகைக்கு இருந்த இடத்தை மாத முடிவில் விடவேண்டியிருந்தது. பெயின்ட் வேலை முடியும்வரை காத்திருக்க வழியில்லை. சாமான்களை ஓர் அறைக்குள் குவித்துவிட்டு, நானும் மனைவி சுபாவும் மகள் ஆதிரையும் அங்கேயே குடிவந்துவிட்டோம். இன்னும் மூன்று கிழமையில் ஆதிரைக்கு இரண்டு வயது. அன்றே வீட்டில் பால் காய்ச்சுவதாகவும், யாழ்ப்பாணத்திலிருந்து மாமி, சுபாவின் அம்மா, வருவதாகவும் ஏற்பாடு.

"பாஸ், ஒரு கிழமையில முடிச்சுத் தருவீங்களோ?" என்று கேட்டேன்.

"முடியும் சார். வேற ஆளப் புடிச்சீங்கன்னா முடியும்."

சிரிக்காமல்தான் சொன்னார். நான் அப்போது புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞன். நாள் முழுக்கத் தவணைக்கு மேல் தவணை போகும் வழக்குகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் ஒருவர் தவணை போட்டுக்கொண்டிருந்தார்.

கடல் பக்கத்துச் சுவர் முழுக்கக் கொப்புளம் கொப்புளமாய் இருந்தது. அதைச் சுரண்டிவிட்டு, ஒரு சாண் அகலப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் பொருத்தினார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது பொலித்தீனின் உட்பக்கத்தில் முத்துமுத்தாக நீர் பிடித்திருந்தது.

"சுவர் இன்னும் குளிச்சிக்கிட்டு இருக்கு. தலை துவட்டாம சட்டை போட ஏலுமா?"

மொட்டைமாடிக்கு ஏறிப் போய், மழைநீர் இறங்கும் பீலி எங்கள் சுவருக்கு நேரே வெடித்திருப்பதைக் கண்டுபிடித்து வந்தார். அதை ஆள் வைத்துத் திருத்தினோம். பிறகும் ஒரு கிழமை அந்தச் சுவரை அவர் தொடவில்லை. தினமும் காலையில் வந்து உள்ளங்கையை அதில் பதித்து, கண்ணை மூடி நின்றுவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

நிறம் தெரிவு செய்வதும் அப்படித்தான். சுபா தொலைபேசியில் பார்த்துவைத்திருந்த மஞ்சளைக் காட்டினாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடையிலிருந்து அந்த மஞ்சளிலும் வேறு இரண்டு நிறங்களிலும் சின்னச் சின்ன டின் எடுத்துவரச் செய்து, முன்னறைச் சுவரில் நிறத்துக்கொரு சதுரம் பூசிவிட்டார்.

"காலையில ஒருக்கா பாருங்க. மத்தியானம் ஒருக்கா. நாலு மணி வெய்யிலுக்கு ஒருக்கா. லைட் போட்டு ஒருக்கா. மூணு நாள் பாத்துட்டுச் சொல்லுங்க."

கடல் பக்கமிருந்து நாலு மணி வெயில் நேராக உள்ளே விழும் வீடு அது. அந்த வெயிலில் சுபாவின் மஞ்சள் கண்ணைக் குத்தியது. மூன்றாம் நாள் அவளே நடுச் சதுரத்தைக் காட்டினாள். நிற அட்டையில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. அவர் அதைக் "கழுவின அரிசி" என்றார். எல்லா நிறத்துக்கும் அவரிடம் ஒரு பெயர் உண்டு. அடுத்த அறைக்குத் தெரிவானது "பால் கூடின தேத்தண்ணி". குசினிக்கு, கறை பட்டால் துடைக்கக்கூடிய பெயின்ட்டாக வாங்கச் சொன்னார். அதன் நிறம் "முத்தாத முருங்கைக்காய்".

இதெல்லாம் எங்களுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காத ஒன்றும் இருந்தது. அவர் ஆதிரையை அண்டவிடவில்லை.

ஆதிரை யாரிடமும் போகிற பிள்ளை. கீழ்வீட்டு ஆட்கள், தபால்காரர், மீன் கொண்டுவருபவர் எல்லாரிடமும் கையை நீட்டிக்கொண்டு ஓடுவாள். இவரிடமும் ஓடினாள். அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். பாம்பைக் கண்டவர் போல. "புள்ளயப் புடிங்க, புள்ளயப் புடிங்க" என்று சத்தம் போட்டார். தேநீர் கொடுத்தால் வாசலுக்கு வெளியே படியில் நின்று குடித்தார். மாலையில் வேலை முடிந்ததும் எங்கள் குளியலறையில் தலையோடு முழுகி, சட்டை மாற்றி, கழற்றிய உடுப்பைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்.

"பிள்ளையைக் கண்டாலே விலகிப் போறார் அப்பா," என்றாள் என்னிடம் சுபா. "மனுசன் ஒரு மாதிரித்தான். ஒருநாள் எண்டாலும் அவளைப் பாத்துச் சிரிச்சதில்லை."

அடுத்தது யன்னல் பிரச்சினை. கடலைப் பார்த்தபடி இரண்டு பெரிய மர யன்னல்கள். வருடக்கணக்காக ஒன்றின் மேல் ஒன்றாக அடித்த எனாமல். மேலே மண்ணிறம், அது உரிந்த இடத்தில் பச்சை, அதற்குக் கீழே வெளிறிய மஞ்சள். ஆதிரைக்கு அந்த யன்னலடிதான் உலகம். கடற்கரையோரமாக ரயில் போகும்போதெல்லாம் அங்கே ஏறி நின்று கை காட்டுவாள். ரயில் இல்லாத நேரத்தில் உரிந்திருக்கும் பெயின்ட்டை நகத்தால் நோண்டுவாள். அதைக் கண்ட அன்றே பாஸ் யன்னல் கட்டையை முழுக்கத் தடித்த கடதாசியால் மூடி டேப் ஒட்டிவிட்டார்.

"அந்தப் பக்கம் விடாதீங்க தங்கச்சி. வாயில கைய வைக்கிற வயசு," என்று சுபாவிடம் சொன்னார். என்னிடம், "சார், யன்னல கடைசியாத்தான் செய்வேன். அஞ்சு நாள் புள்ளயும் தாயும் வேற எங்கயாச்சும் இருக்கணும். அவங்க இருக்கிற வீட்டுல அதச் சொரண்ட மாட்டேன்" என்றார்.

"அஞ்சு நாளோ? ரெண்டு யன்னலுக்கோ?"

"ஆமா சார். பொறுங்க."

சுபாவின் சித்தி வீடு கொட்டாஞ்சேனையில் இருந்தது. போயிருக்கலாம். ஆனால் எனக்கு அது சாக்குப்போக்காகவே பட்டது. வேறெங்கோ இன்னொரு வேலையை ஒப்புக்கொண்டிருக்கிறார், அதற்காக இழுக்கிறார் என்று நினைத்தேன். பிறந்தநாளுக்கு இன்னும் பத்தே நாள்.

அடுத்து வந்த பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு அவர் வரவில்லை. எனக்கும் அலுவலகம் இல்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கடதாசியையும் டேப்பையும் கிழித்தெறிந்துவிட்டு, அரத்தாளை எடுத்து நானே யன்னலைத் தேய்க்கத் தொடங்கினேன். நன்றாக வந்தது. உண்மையைச் சொன்னால் பெருமையாகவும் இருந்தது. பச்சையும் மண்ணிறமும் கலந்த தூள் கடற்காற்றில் அறையெங்கும் பறந்தது. ஆதிரை அந்தத் தூளில் விரலால் கோடு கீறி விளையாடிக்கொண்டிருந்தாள். சுபா இரண்டு தரம் எட்டிப் பார்த்து, "தும்மல் வருது அப்பா" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள். பின்னேரம் ஆகும்போது ஒரு யன்னல் முடிந்திருந்தது. தும்புத்தடியால் அறையைக் கூட்டினேன். வேலை அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் உடனே உள்ளே காலை வைக்கவில்லை. யன்னலைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, கட்டில் விரிப்பில் விரலை இழுத்து, விரல் நுனியைப் பார்த்தார்.

"இத யாரு செஞ்சது?"

"நான்தான் பாஸ். நேற்று சும்மா இருந்தனான். உங்களுக்கும் லேசு எண்டு…"

"காஞ்ச அரத்தாளா?"

"ஓம்."

"புள்ள எங்க இருந்திச்சி?"

 ஆதிரை உள்ளே இருந்து ஓடிவந்து, முதல் நாள் கீறிய கோடுகளில் ஒன்று யன்னல் கட்டையில் இன்னும் மிச்சம் இருப்பதைக் கண்டு அதன்மேல் மறுபடி விரலை வைத்தாள்.

அவர் பையை நிலத்தில் போட்டார். அந்த மூன்று கிழமையில் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

"வெளிய போங்க! எல்லாரும் வெளிய போங்க! தங்கச்சி, புள்ளயத் தூக்குங்க. கை, வாய், தலை, எல்லாம் கழுவுங்க. போட்டிருக்கிற உடுப்ப மாத்துங்க. கீழ் வீட்டுல போய் இருங்க!"

சுபா பயந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அவர் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, வாளியில் தண்ணீர் பிடித்தார். துணியை நனைத்துத் துடைத்தார், தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தார், மறுபடி துடைத்தார். சுவர், நிலம், யன்னற் கம்பி, மின்விசிறி இதழ், அலுமாரியின் தலை. நான் ஒரு துணியை எடுத்தபோது வாங்கி வைத்துவிட்டார். மத்தியானம் தாண்டித்தான் ஓய்ந்தார். வெளிப் படியில் போய் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சத்தம் போட்டதுக்கு மன்னிச்சிக்கங்க சார்."

"அதை விடுங்கோ பாஸ். என்ன விஷயம் எண்டு சொல்லுங்கோ."

"அந்தக் காலத்துப் பெயிண்டுல ஈயம் போடுவாங்க. இந்த யன்னல்ல இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாததனாலதான் பயம். அது சின்னப் புள்ளைங்க ஒடம்புல போனா மூளைக்குத்தான் போகும்."

 படியைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கும் இது தெரியாமத்தான் சார் இருந்திச்சி. எளம் வயசுல கறுவாத்தோட்டத்துப் பெரிய பெரிய பங்களாவுல எல்லாம் கதவு, யன்னல் தேய்ச்சிருக்கேன். நாள் பூரா காஞ்ச அரத்தாள்தான். அப்படியே வீட்டுக்குப் போவேன். மூத்தவன் அப்ப தவழ்ற புள்ள. கதவத் தொறந்த ஒடனே வந்து நெஞ்சுல ஏறிக்குவான். சட்டையில மூஞ்சியத் தேய்ப்பான். நானும் தூக்கிக் கொஞ்சுவேன். வேற என்னா செய்வோம், புள்ளதானே?"

மூத்தவன் பேசவே நாலு வயதானதாம். பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பிடிபடவில்லை. இப்போது இருபத்தேழு வயது. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் துணி மடித்து அடுக்குகிறான். கடைக்காரர் நல்ல மனுசர். ஆனால் பஸ்ஸில் தனியாகப் போய்வர அவனுக்கு இன்னும் ஏலாது. இவர்தான் காலையில் கொண்டுபோய் விடுகிறார்.

"பத்துப் பன்னண்டு வருசத்துக்கு முந்தி பெயிண்ட் பாஸ்மாருக்குன்னு ஒருநாள் வகுப்பு வச்சாங்க. ஒரு மிஸ் வந்து இந்த ஈயத்தப் பத்திச் சொன்னாங்க. எல்லாரும் சாப்பாட்டுப் பார்சல வாங்கிக்கிட்டாங்க. நான் வாங்கல்ல. நடந்தே வீட்டுக்குப் போனேன். டொக்டர்மார்ட்ட எல்லாம் கேட்டேன். அதனாலதானா, இல்ல பொறப்பான்னு நிச்சயமா சொல்ல ஏலாதுன்னுட்டாங்க. வீட்டுல இன்னும் இத நான் சொல்லல்ல."

பிறகு எழுந்து, "நாளைக்கே புள்ளய டொக்டர்ட்ட காட்டுங்க. ரத்தத்துல ஈயம் பாக்கணும்னு கேளுங்க. வேற எதயும் எழுதித் தந்தா வாங்கிட்டு வந்திராதீங்க" என்றார்.

அன்று மாலையே காட்டினோம். குழந்தை வைத்தியர், கண்ணாடி போட்ட ஒரு அம்மா, நான் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். "இதைப் பாக்கச் சொல்லி ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"பெயின்ட் அடிக்கிறவர்."

"நல்ல மனுசன்," என்றார். பரிசோதனைக்கு எழுதித் தந்தார்.

அறிக்கை வர ஒரு கிழமை ஆகும் என்றார்கள். சித்தி வீட்டுக்குப் போய்விட்டோம். அந்த ஒரு கிழமையைப் பற்றி எழுதுவது எனக்கு இப்போதும் கஷ்டம். ஆதிரை ஒரு சொல்லை மறந்தால் சுபா என்னைப் பார்ப்பாள். ஓடும்போது தடக்கி விழுந்தால் பார்ப்பாள்.  பிறந்தநாளும் அந்தக் கிழமைக்குள்தான் வந்தது. மாமி யாழ்ப்பாணத்திலிருந்து நேரே கொட்டாஞ்சேனைக்கு வந்து இறங்கி, "ரெண்டு யன்னலுக்கு இவ்வளவு கூத்தோ?" என்று கேட்டா. விஷயத்தைச் சொன்னதும் ஆதிரையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டா. கேக் வெட்டினோம். ஆதிரை மட்டும் கை தட்டினாள்.

நான் அலுவலகம் முடிந்து தினமும் வெள்ளவத்தைக்குப் போய் வேலையைப் பார்ப்பேன். பாஸ் வாசலைப் பொலித்தீனால் மறைத்து, யன்னலில் தண்ணீர் தெளித்துத் தெளித்து, நனைந்த அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பார். தூசி என்று ஒன்று பறக்கவில்லை. சேறு போல வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்துப் பையில் கட்டினார். என்னைக் கண்டதும் வேலையை நிறுத்திவிட்டு முகத்தைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன், இன்னும் வரவில்லை என்று. திரும்பவும் தேய்க்கத் தொடங்குவார்.

ஏழாம் நாள் வைத்தியர் அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார்.

"கொஞ்சம் கூடத்தான் இருக்கு. ஆனா மருந்து குடுக்கிற அளவில்லை. பயப்பிடாதேங்கோ. ஒருநாள் தூசியாலயோ, முந்தியே நோண்டித் திண்டதாலயோ தெரியாது. எப்பிடியெண்டாலும் நல்ல நேரத்தில கண்டிருக்கிறியள். இனி அது உடம்புக்குள்ள போகாமல் பாத்தால் தானாக் குறையும். கீரை, முட்டை, மீன் குடுங்கோ. கை கழுவப் பழக்குங்கோ. மூண்டு மாதத்தால திரும்பப் பாப்பம்."

வெளியே வந்ததும் சுபா காலி வீதி என்றும் பாராமல் அழுதாள். நான் பஸ் தரிப்பிடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாங்கள் வீடு திரும்பிய அன்றுதான் பாஸுக்கும் கடைசி நாள். யன்னல்கள் புது வெள்ளையில், ஈயம் இல்லை என்று டின்னிலேயே அச்சடித்த எனாமல் பூசிக் காய்ந்திருந்தன. அவர் சுபாவை நிறுத்தி, வீட்டை எப்படிப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு மாதத்துக்குச் சுவரைக் கழுவக்கூடாது. அதன் பிறகு மெல்லிய துணி, கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர், கீழேயிருந்து மேலே துடைக்கவேண்டும். மேலேயிருந்து துடைத்தால் வழிந்த கோடு நின்றுவிடும். மிச்சப் பெயின்ட் டின்களில் எந்த அறைக்கு உரியது என்று எழுதி ஒட்டியிருந்தார். யன்னலில் எங்காவது வெடித்தால் கையால் உரிக்காமல் அவருக்குத் தகவல் சொல்லவேண்டும்.

பிறகு வழக்கம்போல முழுகி, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். ஆதிரை வழக்கம்போல ஓடினாள். அவர் விலகவில்லை. முன்னறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அவள் மடியில் ஏறி, அவருடைய மீசையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கண்ணில் நீர் வர வர இழுக்கவிட்டார். சுபா கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள், நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்து ஏழு வருடம். ஆதிரை இப்போது நாலாம் வகுப்பு. வாய் ஓயாமல் கதைப்பாள். அவளுடைய பள்ளிக்கூட அறிக்கையை ஒவ்வொரு தவணையும் இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

அப்போது, வைத்தியர் சொன்னபடி மூன்று மாதம் கழித்து எடுத்த இரண்டாவது அறிக்கையில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. "இனி யோசிக்க ஒண்டுமில்லை, போங்கோ" என்று வைத்தியர் சிரித்தார். படியிறங்கும்போதே பாஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் எங்கோ ஒரு வேலைத்தலத்தில் நின்றார். பின்னால் இயந்திரமொன்றின் இரைச்சல். சிங்களத்தில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம்.

"பாஸ், ரிப்போட் வந்திட்டுது. குறைஞ்சிட்டுது. இனிப் பயமில்லையாம்."

 இரைச்சலில் கேட்கவில்லையாக்கும் என்று திரும்பவும் சொன்னேன். 

"ஒரு நிமிசம் சார்," என்றார்.

தொலைபேசியைக் கையால் பொத்தியிருக்கவேண்டும். ஆனாலும் கேட்டது. கூட வேலை செய்கிறவர்களிடம் சிங்களத்தில் உரத்த குரலில், அவசர அவசரமாகச் சொன்னார்:

"அபே பபாட ஹொந்தய்லு!"

எங்கள் பிள்ளைக்குச் சுகமாம்.

இயந்திரம் நின்றது. யாரோ கை தட்டினார்கள்.